ஒட்டுண்ணியால் வரும் மூளைக்காய்ச்சல்: குழந்தைகளிடம் அது வெளிப்படும் விதம்

மூளைக்காய்ச்சல் என்று பொதுவழக்கில் நாம் குறிப்பிடுவது ஒரே நோயன்று. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகள் அழற்சியுற்று வீங்குவதை மூளையுறை அழற்சி என்று மருத்துவ நூல்கள் கூறும். பெரும்பாலும் அதனைத் தோற்றுவிப்பவை பாக்டீரியாக்களும் வைரசுகளுமே. நம் நாட்டில் காசநோய்க் கிருமியும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. இவை எவையும் காரணமாக அமையாத சில குழந்தைகளிடம் ஒரு புழுவோ அமீபாவோ இருக்கக்கூடும். இந்த வகை அரிதானது என்பதில் ஐயமில்லை.

அரிதான ஒன்றுக்காக இத்தனை பக்கங்களா என்று வாசகர் கேட்கலாம். இந்நோயைக் கண்டறிவதில் ஆய்வுக்கூடத்துக்கு நிகரான பங்கு வீட்டாருக்கு உண்டு என்பதே அதற்கு எங்கள் விடை. குழந்தை எதைத் தின்றது, எந்த நீரில் குளித்தது என்பதைப் பெற்றோர் சொல்லாமல் மருத்துவர் அறிய வழியில்லை. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்க இசைவு தர வேண்டியவர்களும் அவர்களே.

எலியிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து குழந்தைக்கு

ஒட்டுண்ணியால் வரும் மூளையுறை அழற்சிகளுள் உலகளவில் அதிகமாக அறியப்பட்டது, எலியின் நுரையீரல் புழுவால் வருவது. ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ் என்பது அப்புழுவின் பெயர். சீனத்தின் கான்டன் நகர எலிகளில் 1935ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டமையால் அந்த ஊரின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது.

வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. அது இடும் முட்டைகள் நுரையீரலிலேயே பொரிகின்றன. வெளிவரும் இளம்புழுக்கள் மூச்சுக்குழல் வழியே மேலேறி, எலியால் விழுங்கப்பட்டு, அதன் கழிவோடு மண்ணுக்கு வருகின்றன. அந்தக் கழிவை உண்ணும் நத்தையின் உடலில் அவை அடுத்த நிலைக்கு வளர்கின்றன. ஓடில்லாத நத்தைகளும் இதில் அடங்கும். அந்த நத்தையை மீண்டும் ஓர் எலி தின்னும்போது புழுவின் வட்டம் முழுமை பெறுகிறது. எலியின் உடலில் அது முதலில் மூளைக்குச் சென்று, அங்கே சிறிது வளர்ந்து, பின்னர் நுரையீரலுக்குத் திரும்பிவிடும். மனிதருக்குள் தற்செயலாகப் புகும்போதும் அது அதே வழியில் மூளையை நாடுகிறது. ஆனால் நம் உடல் அதற்கு உகந்த இடமன்று. பெரும்பாலான புழுக்கள் மூளையுறைகளுக்கிடையிலேயே மடிகின்றன. புழு நடமாடுவதாலும், மடிந்த புழுவின்மேல் உடல் தொடுக்கும் போராலும் அழற்சி உண்டாகிறது. புழு மனித உடலில் பெருகுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே நோயுற்ற குழந்தையை உடன்பிறந்தோரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டிய தேவை எழாது.

மனிதரிடம் இப்புழு முதலில் காணப்பட்டது ஒரு சிறுவனிடம்தான். தைவானில் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் தண்டுவட நீரில் புழுக்கள் இருந்ததை நொமுரா, லின் என்னும் இருவர் 1945இல் ஜப்பானிய மொழியில் பதிவு செய்தனர். போர் முடியும் காலத்தில் வெளிவந்த அக்கட்டுரையை வெளியுலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனிக்கவில்லை. 1964இல்தான் அதனைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு வெளியாயிற்று. இதற்கிடையில் ஹவாய்த் தீவுகளில் ரோசனும் அவருடன் பணியாற்றியோரும், இறந்த நோயாளிகளின் மூளையில் இப்புழுவைக் கண்டு 1962இல் எழுதியிருந்தனர். தாய்லாந்தில் பச்சை நத்தையை உணவாக உண்ட பெரியவர்களே மிகுதியாக நோயுற்றனர். தைவானில் அதற்கு மாறாக நோயாளிகளுள் பெரும்பாலோர் சிறுவர்கள். அங்கே இந்நோயைப் பரப்பியது ஆப்பிரிக்கப் பெருநத்தை. மழைக்காலத்தில் நத்தை பெருகியபோது நோயும் பெருகியது.

அந்தப் பெருநத்தை நமக்கும் அயலதன்று. 1847இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, இன்று தென்னிந்தியத் தோட்டங்களில், மழை பெய்து ஓய்ந்த மாலைகளில், சுவரிலும் வாழைத்தண்டிலும் கையளவு உருவில் ஊர்ந்து செல்கிறது. ஒவ்வொரு நத்தையிலும் புழு இருக்கும் என்பது இதன் பொருளன்று. எனினும் எதனையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்துக் குழந்தை தவழும் முற்றத்தில் அது ஊர்வதை நாங்கள் விரும்புவதில்லை. நத்தையை நேரடியாகத் தின்றால்தான் நோய் வரும் என்றும் எண்ண வேண்டா. சிறு நத்தை ஒளிந்திருந்த கீரையைக் கழுவாமல் பச்சையாக உண்பதாலும், நத்தையை உண்டு வாழும் நண்டு, இறால், தவளை, உடும்பு ஆகியவற்றைச் சரியாக வேகவைக்காமல் உண்பதாலும் புழு உடலுக்குள் புகலாம்.

அறிகுறிகள்

புழு உள்ளே சென்று ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நோய் தலைகாட்டுவது வழக்கம். இந்த இடைவெளியே முதற்சிக்கல். மூன்று வாரங்களுக்கு முன் நடந்த சிறு நிகழ்ச்சியை இன்றைய தலைவலியோடு யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

பெரியவர்களைப் பொறுத்தவரை நோயின் முகப்பு தலைவலிதான். மண்டையைப் பிளப்பது போன்ற கடும் வலியும், தோலில் ஊசி குத்துவது போன்ற கூச்சமும் அவர்களிடம் முன்னே நிற்கும். காய்ச்சல் பலருக்கு இராது. குழந்தைகளிடம் இந்த வரிசை மாறிவிடுகிறது. காய்ச்சல், வாந்தி, சோர்வு, எரிச்சல் ஆகியவை முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. பள்ளி செல்லும் வயதுக் குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லும். அதனினும் இளைய குழந்தை சொல்லத் தெரியாமல் அழும், விளையாட்டை விட்டு ஒதுங்கிப் படுக்கும், வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கழுத்து விறைப்பு எல்லாக் குழந்தைகளிடமும் தென்படுவதில்லை. கழுத்தை வளைக்க முடிகிறதே, மூளைக்காய்ச்சலாக இராது என்று வீட்டில் தேறுதல் கொள்வது இதனால் பாதுகாப்பன்று.

வாந்தியைப் பற்றித் தனியே ஒரு சொல். குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால் நம் ஊர்களில் செரியாமை என்பார்கள்; குடல் ஏறிவிட்டது என்று தட்டிவிட அழைத்துச் செல்வாரும், தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வாரும் உண்டு. வயிற்றுக் கோளாறால் வரும் வாந்தியோடு பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். வயிற்றுப்போக்கு இல்லாமல், தலைவலியோடு, அதிலும் காலையில் எழுந்தவுடன் வாந்தி வருமானால், தலையினுள் அழுத்தம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பதே மருத்துவரின் முதல் வேலை. அந்தக் குழந்தையை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவருவது நல்லது.

பச்சிளங்குழந்தையிடம் காணத்தக்க அடையாளம் உச்சிக்குழி. நம் பாட்டிமார் அதனைத் தொட்டுப் பார்க்க நன்கறிந்தவர்கள். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் குறைந்துள்ளது என்று பொருள். அழாமல் அமைதியாக, நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் அது புடைத்து இறுகியிருந்தால் காலம் தாழ்த்தலாகாது. பால் குடிக்க மறுத்தல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அழுகை, தூக்கினால் அடங்காமல் மேலும் அழுதல், எழுப்பியும் விழிக்காத உறக்கம் ஆகியவையும் அத்தகையனவே.

சில நாள் கழித்து நரம்புகள் பாதிக்கப்பட்டதன் சுவடுகள் தோன்றலாம். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு தளர்ந்தால் மாறுகண் உண்டாகும். குழந்தைக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். அதைச் சொல்லத் தெரியாத குழந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டோ, தலையைச் சாய்த்துக்கொண்டோ பார்க்கும். முகநரம்பு தளர்ந்தால் சிரிக்கும்போது வாய் ஒருபுறம் கோணும். கை, கால், முதுகு என்று ஏதோ ஓரிடத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று சொல்லும் குழந்தையும், சட்டை பட்டாலே கூசி அழும் குழந்தையும் நடிக்கின்றன என்று நினைத்துவிட வேண்டா. தோலில் ஒன்றும் தெரியாமலிருக்க இப்படிக் கூசுவது, நாங்கள் இந்தப் புழுவை நினைத்துப் பார்க்கக் காரணமாகும் குறிகளுள் ஒன்று.

மருத்துவர் கேட்கும் வினாக்கள்

பல நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி, மாறுகண் என்ற இதே வரிசையைக் காசநோய் மூளையுறை அழற்சியும் காட்டும். நம் நாட்டில் முதலில் அதனை ஐயுறுவதே முறை. அங்கிருந்து மருத்துவரின் எண்ணத்தைத் திருப்ப வல்லது வீட்டார் சொல்லும் செய்தி ஒன்றே. ஆகவே நாங்கள் சற்று விந்தையான வினாக்களைத் தொடுக்க நேரும். தோட்டத்தில் நத்தை உண்டா? குழந்தை அதை எடுத்து விளையாடியதா? வாயில் வைத்ததை யாரேனும் கண்டார்களா? நண்டோ நத்தையோ உடும்போ எந்த வடிவிலாவது கொடுக்கப்பட்டதா? வீட்டில் நாய்க்குட்டி, பூனைக்குட்டி உண்டா? கடந்த இரு வாரங்களில் எங்கே குளித்தது?

உடும்பைப் பற்றிய வினாவுக்கு உண்மையான விடை கிடைப்பது கடினம். உடும்பு இறைச்சி உடலுக்கு வலிவூட்டும், இளைப்பைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை தமிழகத்திலும் கேரளத்திலும் நெடுங்காலமாக உள்ளது. அதனை வேட்டையாடுவதோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கேரளத்து நோயாளிகள் பத்துப் பேரைப் பற்றி 2006இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை, அவர்களுள் சிலர் உடும்பு இறைச்சி உண்டதைக் குறிப்பிடுகிறது. சட்டத்துக்கு அஞ்சியோ, மாமியாருக்கோ கணவருக்கோ தெரிந்துவிடும் என்று தயங்கியோ இதனை மறைப்பவர்கள் உண்டு. மருத்துவர் கேட்பது மருத்துவத்துக்காக மட்டுமே. பிறர் முன்னிலையில் சொல்ல இயலாததைத் தனியே சொல்ல விரும்புவதாகச் செவிலியரிடம் தெரிவித்தாலே போதும்.

உங்கள் விடை ஆய்வுக்கூடத்தின் வேலையையே மாற்றிவிடும். தண்டுவட நீரில் உள்ள வெள்ளணுக்களைச் சாதாரணமாக எண்ணினால் போதும் என்று நினைக்கும் ஆய்வாளர், நத்தை என்ற சொல்லைக் கேட்டதும் அவற்றுக்குத் தனிச்சாயம் ஏற்றி வகை பிரித்துப் பார்ப்பார். இயோசினோஃபில் என்னும் வெள்ளணு அப்போதுதான் தெளிவாகப் புலப்படும். சாயமேற்றாமல் பார்த்தால் அது வேறு வகை வெள்ளணுவென்று மயங்க இடமுண்டு.

முதுகிலிருந்து நீர் எடுத்தல்

பெற்றோர் மிக அஞ்சுவது இந்தப் பரிசோதனைக்குத்தான். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், குழந்தை பிழைக்காது என்றெல்லாம் வார்டுக்கு வெளியே அமர்ந்திருப்போர் சொல்லக் கேட்டு, கையொப்பமிட மறுத்துக் குழந்தையை அழைத்துச் சென்றுவிடுவோர் உண்டு. அந்த அச்சம் குழந்தையின்மீதுள்ள அன்பிலிருந்து பிறப்பது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் உடலின் அமைப்பைச் சற்று விளக்கினால் அச்சம் பெரும்பாலும் தணியும்.

தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இறங்குவதில்லை. வளர்ந்தவரிடம் அது இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. பிறந்த குழந்தையிடம் சற்றுக் கீழே, மூன்றாம் முள்ளெலும்பு வரை வரலாம். ஊசி செல்வது அதற்கும் கீழே உள்ள இடைவெளியில். அங்கே தண்டுவடம் இல்லை. நீரும், அந்நீரில் மிதக்கும் நரம்பிழைகளும் மட்டுமே உள்ளன. எடுக்கப்படும் நீர் சில மில்லிலிட்டர்தான். உடல் அதனை இடைவிடாது சுரந்துகொண்டே இருப்பதால் விரைவில் ஈடாகிவிடும். ஊசி குத்திய இடத்தில் வலியும், ஓரிரு நாள் தலைவலியும் சிலருக்கு வரலாம். தலையினுள் அழுத்தம் ஆபத்தான அளவில் உள்ளது என்று ஐயுற்றால், முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே நீர் எடுப்பது பற்றி முடிவு செய்வோம்.

அந்த நீர் சொல்வதை வேறெதுவும் சொல்லாது. உடல்நலமுள்ள குழந்தையின் தண்டுவட நீரில் இயோசினோஃபில் காணப்படுவதில்லை. ஒரு கன மில்லிமீட்டரில் அது 10க்குக் குறையாமல் இருந்தாலோ, வெள்ளணுக்களில் நூற்றுக்கு 10 பங்கேனும் அதுவாக இருந்தாலோ, ஒட்டுண்ணியைத் தேட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இரத்தத்தில் அதே அணு மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. குடற்புழுவாலும் ஆஸ்துமாவாலும் நம் குழந்தைகள் பலரிடம் அது மிகுந்தே காணப்படுகிறது. புழுவே நீரில் வந்து விழுவது அரிது. இந்த நோயில் இன்னொரு நன்மையும் உண்டு. நீரை எடுத்தவுடன் அழுத்தம் குறைந்து தலைவலி தணிவதால், பரிசோதனையே ஒருவகையில் சிகிச்சையாகவும் அமைகிறது. வலி திரும்பினால் மீண்டும் எடுக்கவும் நேரலாம்.

நாட்கணக்கில் முற்றும் அமீபா நோய்

புழு வாரக்கணக்கில் செய்வதை நாட்கணக்கில் செய்யும் ஓர் ஒட்டுண்ணியும் உண்டு. அதுதான் செய்தித்தாள்கள் மூளையைத் தின்னும் அமீபா என்று எழுதும் நெக்லேரியா ஃபௌலேரி. தென் ஆஸ்திரேலியாவில் நேர்ந்த நான்கு மரணங்களை ஆராய்ந்து, 1965இல் ஃபௌலரும் கார்ட்டரும் இத்தகைய அமீபா நோயை முதன்முதலாக எழுதினர். வெதுவெதுப்பான நன்னீரில் அது வாழ்கிறது, கடல்நீரில் வாழாது. குடித்தால் தீங்கில்லை. மூக்கினுள் ஏறிய நீரோடு சென்று, நுகர்ச்சி நரம்பின் வழியே மூளையை அடைகிறது. குளித்த பின் ஒரு நாள் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாளையொட்டி, தலைவலி, காய்ச்சல், வாந்தி தொடங்கும். வாசனை மாறித் தெரிவதாகச் சிலர் சொல்வர். பின்னர் கழுத்து விறைக்கும், பேச்சு தடுமாறும், வலிப்பு வரும். இதுவரை நோயுற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைக்கவில்லை.

இங்கே தண்டுவட நீர் மருத்துவரை ஏமாற்றக்கூடும். அது பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சலைப் போலவே சீழ் அணுக்கள் நிறைந்து, சர்க்கரை குறைந்து காணப்படும். ஆனால் பாக்டீரியா மட்டும் அகப்படாது. எடுத்த நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும். அவ்வாறு பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லத் தூண்டுவது, பையன் குளத்தில் குதித்தான் என்ற ஒரு வாக்கியமே. 2024ஆம் ஆண்டு கேரளத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயிலிருந்து மீண்டான். அவனுடைய தந்தை இந்த அமீபாவைப் பற்றி முன்பே சமூக ஊடகத்தில் படித்திருந்ததாகவும், மகன் குளத்தில் நீந்தியதைத் தாமே மருத்துவரிடம் எடுத்துரைத்ததாகவும் செய்திகள் கூறின. ஆம்போடெரிசின், மில்டெஃபோசின் முதலிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய சிகிச்சை. அதனைத் தொடங்கும் நேரம் மணிக்கணக்கில் எண்ணத்தக்கது.

கோடை விடுமுறையில் கிணற்றிலும் குளத்திலும் நீந்தும் எண்ணற்ற சிறுவர்களுள் மிக மிகச் சிலருக்கே இது நேர்கிறது. ஆதலால் நீச்சலையே தடை செய்யுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. வெயிலில் காய்ந்து வற்றிய, கலங்கிய தேக்கத்தில் தலைகுப்புறக் குதிப்பதைத் தவிர்க்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கப் பழக்கலாம். எக்காரணத்துக்காக நாசியை நீர்விட்டுக் கழுவினாலும் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

நாய், பூனைகளின் உருளைப்புழுவும் எப்போதேனும் மூளையுறையைத் தாக்குவதுண்டு. நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் தோன்றும் கட்டிகள் வேறு இனம். அவை பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படுவதால் இக்கட்டுரையில் அவற்றை விரிக்கவில்லை.

சிகிச்சையும் வீடு திரும்பலும்

நுரையீரல் புழுவால் வந்த நோய் பெரும்பாலான குழந்தைகளிடம் சில வாரங்களில் தணிந்துவிடும். வலி நீக்கும் மருந்தும், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டும் சிகிச்சையின் அடித்தளம். புழுவைக் கொல்லும் மருந்தை உடனே ஏன் கொடுக்கவில்லை என்று பெற்றோர் கேட்பது இயல்பே. மூளையில் புழுக்கள் ஒருசேர மடிந்தால் அழற்சி மிகக்கூடும் என்ற அச்சம் மருத்துவரிடையே உண்டு. ஆகவே அம்மருந்தைக் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பது குழந்தைக்குக் குழந்தை தனித்தனியே முடிவு செய்யப்படுகிறது. கைக்குழந்தைகளின் நிலை வேறு. அவர்களிடம் நோய் கடுமையாகி, உணர்விழப்பும் மரணமும் நேர்ந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இளங்குழந்தைகளிடம் இவ்வாறு நிகழ்ந்தது 2013இல் பதிவாகியுள்ளது.

தோட்டத்து நத்தைகளை வெறுங்கையால் எடுக்காமல் கையுறையோ நெகிழிப் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, உப்புக்கரைசல் நிரம்பிய வாளியில் போடுங்கள். அந்த வேலையைக் குழந்தைகளிடம் விடாதீர்கள். கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவி, வேகவைத்தே கொடுங்கள்.

வீடு திரும்பிய பின் ஓரிரு வாரங்கள் விட்டுவிட்டுத் தலைவலி வருவதுண்டு. மாறுகண் நேராகச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை படிக்கும்போது இரட்டையாகத் தெரிவதைப் பள்ளி ஆசிரியரிடம் தெரிவித்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் குழந்தை தேறிவிட்டது என்று கருதி நீங்களாகவே நிறுத்த வேண்டா. அளவைக் குறைக்கும் முறை வெளியேறும் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். தலைவலியோடு மீண்டும் வாந்தி தொடங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பார்வை மங்கினாலோ, மறுவருகை நாளுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அந்தச் சீட்டோடு வாருங்கள்.